புதிய தொலைக்காட்சியில் படங்கள் நாடகம்போலத் தெரிவது குறித்து

வணக்கம். அண்மையில் பார்த்த படங்கள் எல்லாமே தொலைக்காட்சித் தொடர்போலத் தெரிந்தன என்றும், நடிப்பு செயற்கையாக இருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். புதிய தொலைக்காட்சி வாங்கிய பிறகுதான் இப்படி என்று நீங்களே குறிப்பிட்டிருப்பதால், அந்தப் படங்களைப் பற்றிய தீர்ப்பைச் சற்றுத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்களாகவே (அதாவது 24 தனித்தனி நிலைப்படங்களாகவே) படமாக்கப்படுகின்றன. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் உள்ள, அசைவை வழவழப்பாக்கும் வசதி இயங்கும்போது, தொலைக்காட்சி இரண்டு சட்டகங்களுக்கு நடுவே, படத்தில் இல்லாத சட்டகங்களைத் தானே கணித்துச் செருகிவிடுகிறது. ஒருவர் மெல்லத் தலையைத் திருப்பும் அண்மைக் காட்சியைக் கவனியுங்கள்: முகம் பின்னணியிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல வழுக்கிச் செல்லும், கை வேகமாக அசைந்தால் விரல்களின் ஓரத்தில் ஒரு கலங்கல் தெரியும். நல்ல நடிகரின் தயக்கம்கூட அதில் ஒத்திகைபோல ஆகிவிடுகிறது.

பட அமைப்புகளில் சோனியில் மோஷன்ஃப்ளோ என்றும் எல்ஜியில் ட்ரூமோஷன் என்றும் பெயரிட்டிருக்கும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தாலே போதும். (விளையாட்டு ஒளிபரப்புக்கு வேண்டுமானால் அந்த வழவழப்பாக்கும் வசதி இருக்கட்டும்.) பிறகு, உங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டிய படத்தின் தொடக்கக் காட்சிகளையாவது மறுபடி பாருங்கள். அப்போதும் நடிப்பு ஒட்டவில்லை என்றால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள்; கருவி செய்த கோளாறு நடிகர்களின் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.