வாசகர் கேள்வி – அறிவியல் பதில்: முள்ளா, படிகமா?

கேள்வி: மிகப் பழைய பாறைகளில் கிடைத்த நுண்ணிய முட்களைக் கடற்பஞ்சுகளின் எச்சம் என்று முதலில் அறிவிக்கிறார்கள், சில ஆண்டுகள் கழித்து அப்படி இல்லை என்கிறார்கள். இதை எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்? கடற்பஞ்சுகள் எப்போதுதான் தோன்றின?

பதில்: கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கான கடற்பஞ்சின் உடல் இறந்ததும் சிதைந்துவிடும், பெரும்பாலும் மிஞ்சுவது அதைத் தாங்கி நின்ற சிலிக்கா அல்லது சுண்ணாம்பு நுண்முட்கள் மட்டுமே. சுண்ணாம்புப் பாறையை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பல நாள் ஊறவைத்து, அடியில் தங்கும் வண்டலை நுண்ணோக்கியின் கீழ்ப் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்கும்போது, ஊசியாகவும் சிலுவையாகவும் பல வடிவங்கள் கிடைக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில், சிலுவை வடிவத்தை உயிரில்லாத கனிமமும் எளிதில் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே, வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, முள் ஒடிந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சிலிக்கா முள் ஒரு கரிம இழையைச் சுற்றி வளர்வது. இழை அழிந்தபின் அதன் நடுவே மெல்லிய குழாய் எஞ்சும். இக்குழாயின் குறுக்குவெட்டு கண்ணாடிக் கடற்பஞ்சுகளில் சதுரமாகவும், கடற்பஞ்சுகளின் மிகப் பெரிய பிரிவான டெமோஸ்பாஞ்சு வகையில் முக்கோணமாகவோ அறுகோணமாகவோ இருக்கும். தானாக உருவான படிகத்தில் இது இராது. (சுண்ணாம்பு முட்களில் இக்குழாய் இல்லை என்பதால், அங்கே இந்தச் சோதனை கைகொடுக்காது.)

மங்கோலியாவின் எடியாக்கரன் காலப் (ஏறத்தாழ 63.5 முதல் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன்) பாறைகளிலிருந்து 1997 இல் அறிவிக்கப்பட்ட முட்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆய்வில் பங்கேற்ற தொல்லுயிரியலாளர் மார்ட்டின் பிரேசியர், 2014 இல் வெளிவந்த மறுஆய்விலும் இடம்பெற்றார். அவை ஆர்சனோபைரைட் என்னும் கனிமத்தின் சிலுவை வடிவப் படிகங்கள் என்ற முடிவை அந்த ஆய்வே சொன்னது. தம் கண்டுபிடிப்பைத் தாமே மறுக்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எடியாக்கரனை அடுத்து வந்த கேம்பிரியக் காலத்துக்கு முந்தையவை என்று முன்வைக்கப்பட்ட எதுவும் அந்த மறுஆய்வில் தேறவில்லை. ஈரானில் கிடைத்த, ஏறத்தாழ 53.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள சிலிக்கா முட்களே நம்பத்தக்க மிகப் பழையவை என்றது.

கேள்வி: அப்படியானால் மரபணுக் கணக்கு சொல்லும் காலத்துக்கும் பாறை சொல்லும் காலத்துக்கும் இடையில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்?

பதில்: மரபணு மாற்றங்கள் சேரும் வேகத்தைக்கொண்டு காலத்தைக் கணக்கிடும் மூலக்கூறுக் கடிகாரக் கணிப்புகள் பல, கடற்பஞ்சுகளின் தோற்றத்தை 70 கோடி ஆண்டுகளுக்கு அருகில் கொண்டுசெல்கின்றன. இடைவெளி ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள். தொடக்ககாலக் கடற்பஞ்சுகளுக்குக் கனிம முட்களே இல்லாதிருந்திருக்கலாம் என்பதே எனக்கு மிகவும் ஏற்புடைய விளக்கம். இன்று நாம் குளிக்கப் பயன்படுத்தும் இயற்கைக் கடற்பஞ்சும் முள்ளற்றதே. ஸ்பாஞ்சின் என்னும் புரத நார்களே அதன் சட்டகம். 2024 இல் தென் சீனப் பாறைகளிலிருந்து விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஹெலிக்கோலோசெல்லஸ் என்னும் புதைபடிவம் இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. கட்டம் கட்டமாக அமைந்த அதன் உடற்சுவர் கண்ணாடிக் கடற்பஞ்சுகளை நினைவூட்டினாலும், கனிம முள்ளின் சுவடு அதில் காணப்படவில்லை. இவ்விளக்கம் சரியென்றால், இதுவரை பாறைகளில் முட்களைத் தேடியவர்கள் தேடிய பொருளே அக்காலத்தில் இருந்திருக்காது.

வடமேற்குக் கனடாவின் 89 கோடி ஆண்டுப் பழைய பாசிப்பாறைத் திட்டுகளில் புவியியலாளர் எலிசபெத் டர்னர் 2021 இல் காட்டிய நுண்குழாய் வலைப்பின்னலும் நார்ச்சட்டகக் கடற்பஞ்சின் எச்சமாகவே முன்வைக்கப்பட்டது. முள்ளும் இல்லை, நடுக்குழாயும் இல்லை. வலையின் வடிவம் ஒன்றே அதற்குச் சான்று. அதனால் ஆய்வாளர் பலர் அதை இன்னும் ஏற்கவில்லை.