நாலு பேருக்கும் ஒரே பெயர்

கேள்வி: கும்பகோணத்தில் 22 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். அப்பா காலத்துத் தொழில். நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வரும் குடும்பங்கள்தான் அதிகம். 'ரூம் சுத்தம், கவனிப்பு மோசம்' என்றே கூகுளில் எழுதுகிறார்கள். டவல் கேட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை, மூன்று தடவை போன் செய்தோம் என்று போன மாதம் மட்டும் நாலு புகார். பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து ஒரு நாள் வகுப்பு நடத்தினேன். சிரித்த முகமாக இருங்கள், விருந்தினரைப் பெயர் சொல்லி அழையுங்கள் என்றார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ரூம் பாய்கள் நாலு பேரும் ஒடிசாக்காரர்கள், இரண்டு வருடமாக இங்கேயே தங்கி வேலை செய்கிறார்கள். பெயர் வாயில் நுழையாததால் எல்லாரையும் 'பாபு' என்றுதான் கூப்பிடுகிறோம். சம்பளம் தேதி தவறாமல் கொடுக்கிறேன். அடுத்து என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: பயிற்சியைப் பிறகு பார்ப்போம். இரண்டு வருடமாக உங்கள் கூரைக்குக் கீழே படுத்து எழும் நாலு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். அதைப் போகிற போக்கில் எழுதியும் விட்டீர்கள். உங்கள் டவல் அங்கேதான் தொலைகிறது.

ரிசப்ஷனில் இருப்பவர் போனை வைத்துவிட்டு, "பாபு, 204-க்கு டவல்" என்று மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். வேலையில் இருக்கும் எல்லார் காதிலும் அது விழும். மற்றவன் போவான் என்று ஒவ்வொருவனும் கையிலிருக்கும் வேலையைத் தொடர்வான். யாரிடம் சொன்னோம் என்று ரிசப்ஷனுக்கே தெரியாதபோது யாரைக் கேட்பது? விருந்தினர் மறுபடி போன் செய்வார். மறுபடி "பாபு".

வாயில் நுழையவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். வெளிநாட்டுக்காரர் வந்தால் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் பெயரை எழுதிக்கொள்கிறீர்களே, அது மட்டும் எப்படி நுழைகிறது? அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்கிறது. தன் பெயரை இரண்டு வருடமாகக் கேட்காதவனிடம் விருந்தினரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் அது எத்தனை நாள் நிற்கும்? சம்பளம் கொடுத்தே தீர வேண்டிய கடன், அதில் பெருமைக்கு இடமில்லை. பிழைக்க வந்த பிள்ளைக்கு முதலாளி பாதித் தகப்பன் என்று நினைப்பவள் நான்.

பெயர் கிடைத்ததும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ள பேட்ஜ் செய்து கொடுங்கள். ஷிஃப்டுக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 11 அறை. எந்த அறை யார் பொறுப்பு என்று ரிசப்ஷனில் பலகை தொங்கட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு: கேட்ட நேரம், அறை எண், கேட்ட பொருள், யாரிடம் சொன்னது, முடிந்த நேரம். சொன்ன பத்தாவது நிமிடம் ரிசப்ஷனே அந்த அறைக்குப் போன் செய்து, "டவல் வந்துடுச்சுங்களா?" என்று கேட்க வேண்டும். மூன்றாவது போன் வரை எந்த விருந்தினரும் காத்திருக்க நேராது. அதோடு துணி அலமாரியையும் எண்ணிப் பாருங்கள். படுக்கையில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என அறைக்கு மூன்று செட் இல்லையென்றால், ஐப்பசி மழையில் துணி காயாதபோது எவ்வளவு நல்ல பையனாலும் டவல் கொண்டுவர முடியாது.

அடுத்து, கூட்டமில்லாத ஒரு நாள் இரண்டிரண்டு பேராக அவர்களையே விருந்தினர் அறையில் ஓர் இரவு தங்க வையுங்கள். தினமும் துடைக்கிற அறையில் அவர்கள் ஒரு தடவையாவது குளித்திருப்பார்களா? கட்டிலுக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜ் போட பாயின்ட் இல்லை, பாத்ரூம் கதவு இழுத்தால்தான் தாழ் விழுகிறது, ஃபேன் மூன்றில் வைத்தால் சத்தம் என்று காலையில் அவர்களே சொல்வார்கள். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் இன்னொன்றும் தெரியும். குழாயில் நின்ற பச்சைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் சுடுதண்ணீர் வரும், கடைசி அறைக்கு இன்னும் தாமதமாகும். நவக்கிரகம் போகிறவர்கள் விடியற்காலை நாலரைக்கே குளிப்பவர்கள். "முதல் தண்ணியை ஒரு பக்கெட்டில பிடிச்சு வைங்க, அப்புறம் சூடா வரும்" என்று முந்தின இரவே சொல்லும் பையன்தான் அவர்கள் நினைவில் நிற்பான்.

தினமும் ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் எல்லாரும் நின்று பேசுங்கள். இன்று யார் வருகிறார்கள், வயதானவர் உண்டா, கைக்குழந்தை உண்டா, நாளை முதலில் ஆலங்குடியா திருநாகேஸ்வரமா. பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதை அந்தப் பையன்கள் தெரிந்து வைத்துச் சொல்லட்டும். அதற்கான பத்துப் பதினைந்து தமிழ் வாக்கியங்களை அவர்கள் எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள், தினம் ஒன்று போதும்.

கையில் கொஞ்சம் அதிகாரமும் வேண்டும். ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறை தீர்க்க, மேலதிகாரியைக் கேட்காமலே ஊழியர் 2000 டாலர் வரை செலவு செய்யலாம். உங்கள் லாட்ஜுக்கு 200 ரூபாய் போதும். குழந்தைக்குப் பால், பாட்டிக்கு ஆட்டோ. கணக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள், ஏன் செய்தாய் என்று அதட்டாதீர்கள்.

பெயர் கேட்கும் வேலையை மேனேஜரிடம் தள்ளாதீர்கள். இன்று ராத்திரி அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் நீங்களே போய்க் கேளுங்கள். நீங்கள் தப்பாகச் சொன்னால் கூச்சப்பட்டு "பரவாயில்லை சார்" என்பார்கள். விடாதீர்கள். அவர்கள் வாயால் "இப்ப சரி" என்று சொல்லும் வரை சொல்லிப் பாருங்கள்.