கேளுங்கோ, சொல்லுறன்: அஞ்சு தடியன்களும் ஒரு குவாட்டர்பேக்கும்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதி அமெரிக்கன் ஃபுட்போல் பற்றித்தான். லீவுக்கு வந்த கனடாப் பெடியள் உப்புவெளி பீச்சில அந்த முட்டை மாதிரிப் பந்தை எறிஞ்சு விளையாடினதைக் கன பேர் பார்த்திருக்கிறீங்க போல. எங்கட ஊரில ஃபுட்போல் எண்டா மெக்கெய்சர் மைதானத்தில காலால உதைக்கிறதுதான், ஆனா இண்டைக்கு மட்டும் நான் ஃபுட்போல் எண்டா கையால எறியிறது எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ.

அண்ணா, என்ட பெரியம்மாட மகன் ஸ்காபரோவில இருக்கிறார். சின்சினாட்டி பெங்கால்ஸ் டீமின்ட பைத்தியம், ஜோ பரோ எண்டு ஒரு குவாட்டர்பேக்கின்ட 9ம் நம்பர் ஜேர்சி போட்டுத்தான் படுக்கிறதே. போன் எடுத்தா "லைன் சரியில்ல, லைன் சரியில்ல" எண்டு ஒரே புலம்பல். நான் போன் லைன் எண்டு நினைச்சு ரெண்டு தரம் கட் பண்ணி திரும்ப எடுத்தனான். இது என்ன லைன்? (உப்புவெளி வாசகி)

தங்கச்சி, அது ஒஃபென்ஸிவ் லைன். குவாட்டர்பேக் எண்டவர்தான் பந்தை எறியிற ஆள், படம், விளம்பரம், பெரிய சம்பளம் எல்லாம் அவருக்கு. அவருக்கு முன்னால வரிசையா அஞ்சு பேர் நிப்பினம். நடுவில சென்டர், அவர் குனிஞ்சு நிண்டு பந்தைக் காலுக்கிடையால பின்னுக்குக் குடுப்பார், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்ட், அதுக்கு அங்கால ரெண்டு கரையிலயும் டேக்கிள். ஒவ்வொருத்தரும் 140 கிலோவுக்குக் கிட்ட வரும். எறியிற பந்தைப் பிடிக்க இவைக்கு சாதாரணமா உரிமையே இல்லை. வேலை ஒண்டே ஒண்டு, எறியிறவருக்கு மேல பாய வாறவனை மறிக்கிறது. எவ்வளவு நேரம் மறிக்கவேணும் எண்டு கேட்டா சிரிப்பீங்க, ரெண்டரை செக்கன், மிஞ்சினா மூண்டு.

நான் சின்னனில சல்லிப் பக்கம் மாமாவோட கரைவலை இழுக்கப் போறனான், கயிறு உள்ளங்கையை அறுக்கும், குதிக்கால் மண்ணுக்க புதையும், பின்னுக்கு நிண்டு மாமா கத்திக்கொண்டே இருப்பார். ஒருநாள் நான் நண்டு ஒண்டைக் கண்டிட்டு கயிறை விட்டுட்டன், ஒரு நிமிசம்கூட இருக்காது, எங்கட பக்கம் தளர்ந்து வலை சரிஞ்சு, மடி கரைக்கு வரேக்க மீனுக்குப் பதிலா சொறிமுட்டையும் பாசியும். மற்ற ஆக்கள் எல்லாரும் ஒழுங்காத்தான் இழுத்தவை, ஆனா ஆர் ஒழுங்கா இழுத்தது எண்டு மீன் பார்க்கிறதில்லை தானே. லைனும் அப்பிடித்தான், நாலு பேர் சிங்கம் மாதிரி நிண்டு ஒருத்தர் சோர்ந்தா எதிர் டீம் அந்த ஒருத்தரைத்தான் தேடிப் பிடிச்சு அவருக்கு மேலயே ஆளை அனுப்பும். அவருக்கு உதவிக்கு இன்னொருத்தரைக் கொண்டுவந்து நிப்பாட்டினா பந்து பிடிக்க ஓடுறதுக்கு ஒராள் குறையும், ஒராள் குறைஞ்சா குவாட்டர்பேக் கூடுதல் நேரம் பந்தை வச்சுக்கொண்டு தேடவேணும், கூடுதல் நேரம் வச்சிருந்தா அடி விழும்.

பந்து கையில இருக்கேக்க அப்பிடி அவரை ஆட்டம் தொடங்கின கோட்டுக்குப் பின்னால மடக்கி விழுத்தினா அதுக்குப் பேர் சாக். நாலு தரத்தில 10 யார் தூரம் முன்னுக்குப் போகவேணும் எண்டது விளையாட்டு, முதல் தரமே சாக் ஆகி 7 யார் பின்னுக்குப் போனா மிச்சம் மூண்டு தரத்தில 17 யார். அப்ப இவை ஓடப்போறதில்லை, எறியத்தான் போயினம் எண்டு எதிராளிக்கும் தெரியும், அவன் இன்னும் வெறியோட பாய்வான்.

ஆனா சாக் கணக்கை மட்டும் வச்சு லைனை அளக்காதீங்கோ. 2021 பெப்ரவரி சூப்பர் பௌலை, அதுதான் சீசனின்ட இறுதி மட்ச், எடுங்கோ, கான்சஸ் சிட்டி சீஃப்ஸின்ட குவாட்டர்பேக் பட்ரிக் மஹோம்ஸ், அந்த நேரம் உலகத்திலயே அவரை அடிக்க ஆள் இல்லை எண்டு சொன்ன காலம். ரெண்டு கரையிலயும் நிக்கிற ரெண்டு டேக்கிளும் காயம், மாத்து ஆக்களை வச்சு ஒட்டுப்போட்ட லைன். டாம்பா பே டீமிட்ட 31க்கு 9 எண்டு தோத்தது, மனுசனுக்கு ஒரு டச்டவுன் (பந்தை எதிராளியின்ட கடைசிக் கோட்டுக்கு அங்கால கொண்டுபோறது) கூட இல்லை. சாக் எத்தினை தெரியுமோ, மூண்டே மூண்டு. ஆனா 29 தரம் ஆள் அவருக்கு மேல வந்துட்டான், பாதி நேரம் அந்த மனுசன் பின்னுக்கும் பக்கத்துக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தார், ஒருக்கா கீழ விழுந்துகொண்டே கிடையா எறிஞ்சது இப்பவும் என்ட கண்ணுக்க நிக்குது. அடுத்த சீசனுக்கு சீஃப்ஸ் அந்த அஞ்சு பேரையும் அப்பிடியே மாத்தினது. 2023 பெப்ரவரியில திரும்ப சூப்பர் பௌலுக்கு வந்தினம், எதிரில பிலடெல்பியா ஈகிள்ஸ், அந்த சீசனில 70 சாக் எடுத்த டீம். அண்டைக்கு மஹோம்ஸுக்கு எத்தினை சாக்? பூச்சியம். 38க்கு 35 எண்டு கப் வந்தது. அதே ஆள், அதே கை.

இடது பக்கம் நிக்கிற டேக்கிளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மரியாதை? (உவர்மலை வாசகர்)

வலக்கையால எறியிறவர் எறியத் திரும்பேக்க இடப்பக்கம் அவருக்கு முதுகுப்பக்கம் ஆகிடும், அங்கால இருந்து வாறவனை அவர் காணமாட்டார். 1985 நவம்பர் 18, வாஷிங்டன் டீமின்ட குவாட்டர்பேக் ஜோ தைஸ்மன், நியூயோர்க் ஜயண்ட்ஸின்ட லோரன்ஸ் டெய்லர் வந்து விழுத்தினதில கால் முறிஞ்சு அதோட அவரின்ட விளையாட்டு வாழ்க்கையே முடிஞ்சுது. டிவியில நேரடியா நாடே பார்த்தது. அதுக்குப் பிறகு இடது டேக்கிளின்ட விலை ஏறினது ஏறினதுதான். இப்ப ரெண்டு பக்கத்தாலயும் கெட்டிக்காரர் வாறதால வலது டேக்கிளுக்கும் கிட்டத்தட்ட அதே காசு.

அதே வாஷிங்டனைப் பற்றி இன்னொண்டும் சொல்லவேணும். கோச் ஜோ கிப்ஸ், 1982, 1987, 1991 எண்டு மூண்டு சீசன் சம்பியன், மூண்டு தரமும் குவாட்டர்பேக் வேற வேற ஆள். லைனுக்கு அவை வச்ச பட்டப்பேர் "ஹொக்ஸ்", பண்டிகள் எண்டு அர்த்தம். 1991ல மார்க் ரிப்பியன் எண்டவர் சீசன் முழுக்க வாங்கின சாக் 7. சில ஆக்கள் ஒரு மட்ச்சில வாங்குறது அது.

அப்ப சாக் ஆனா எப்பவும் லைனின்ட பிழையோ? எங்கட டீமில கோலுக்கு நிக்கிறவனுக்கு மட்டும் ஏச்சு விழுற மாதிரி இது லைனுக்கு மட்டும் ஏச்சு விழுறது நியாயமோ? (கிண்ணியா வாசகர்)

நல்லாப் பிடிச்சீங்க நானா. இல்லை. பந்தைக் கையில வச்சுக்கொண்டு அங்க பார்ப்பம் இங்க பார்ப்பம் எண்டு நிண்டா பனைமரத்தை வரிசையா நட்டு வச்சாலும் காப்பாத்தாது. டான் மரீனோ எண்ட குவாட்டர்பேக் 1988 சீசன் முழுக்க 6 சாக்தான் வாங்கினவர், லைன் நல்லம்தான், ஆனா அவரின்ட கையில பந்து நிக்கிறதே இல்லை, வந்த உடன போயிடும். பேய்ட்டன் மானிங்கும் அப்பிடித்தான், கோட்டுக்குக் கிட்ட வந்து நிண்டு எவன் எங்கால வருவான் எண்டு பந்து வர முதலே கண்டுபிடிச்சு லைனுக்குச் சொல்லிடுவார்.

மற்றப் பக்கம் சிக்காகோ பேர்ஸின்ட கேலப் வில்லியம்ஸ். 2024ல புது ஆள், 68 சாக், டீம் 17 மட்ச்சில 12 தோல்வி. லைன் ஓட்டைதான், ஆனா அவரும் கனக்க நேரம் வச்சிருந்தார், அதில ரெண்டும் கலந்து கிடக்கு. அடுத்த வருசம் லைனின்ட நடு மூண்டு இடத்துக்கும் புது ஆக்கள், அதில ஒராள் ஜோ தூனி, மஹோம்ஸுக்கு முன்னால நிண்ட அதே தூனி. புதுசா வந்த கோச் பென் ஜோன்சன் பந்தைக் கெதியா எறியவும் பழக்கினார். 2025ல 24 சாக், 11 வெற்றி. இதில எவ்வளவு லைன், எவ்வளவு பெடியன், எவ்வளவு கோச் எண்டு பிரிச்சுச் சொல்லுறன் எண்டு ஆரும் வந்தா அவருக்கு ஒரு பிளேன்டி குடுத்து அனுப்பிவிடுங்கோ.

ஒரு மோசமான சீசன் போனா அடுத்த சீசன் லைனைத் திருத்தினா சரிதானே? ஏன் சில பேர் திரும்ப எழும்புறதே இல்லை? (லிங்கநகர் வாசகர்)

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு பாரம். ஹியூஸ்டன் டெக்சன்ஸ் 2002ல புதுசாத் தொடங்கின டீம், அந்த வருசம் புதுப் பெடியளை டீமுகள் வரிசையாத் தெரிஞ்செடுக்கேக்க எல்லாருக்கும் முதலாவதா எடுத்த குவாட்டர்பேக் பெடியன் டேவிட் கார். முதல் சீசனிலயே 76 சாக், அந்தச் சாதனை இப்பவும் அவரின்ட பேரிலதான் நிக்குது. 2005ல திரும்பவும் 68. அஞ்சு வருசத்தில 249 தரம் விழுத்தி எழும்பின பிறகு விட்டுட்டினம். இப்பிடி அடி வாங்கினவருக்கு என்ன நடக்கும் எண்டா, கண் தூரத்தில ஓடுற ஆளைப் பார்க்கிறதை விட்டிட்டு கிட்ட வாறவனைப் பார்க்கத் தொடங்கும். லைன் ஒழுங்கா மறிச்ச நேரம்கூட அவர் அடி வரும் எண்டு நினைச்சு அவசரப்பட்டு எறிவார். நாய் கடிச்ச ஒழுங்கையால நாய் செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகும் நான் சைக்கிளை வேகமாத்தான் மிதிக்கிறனான், அது மாதிரி.

அண்ட்ரூ லக் கதை இன்னும் மோசம். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், 2012ல முதலாவதா எடுத்த ஆள், அருமையான மூளை. 2015ல சிறுநீரகத்தில கிழிசல், பிறகு தோள்மூட்டுக் காயத்தால 2017 சீசன் முழுக்க இல்லை. அதுக்குப் பிறகுதான் டீமுக்கு ஞானம் வந்து 2018ல க்வென்டன் நெல்சன் எண்ட கார்டை ஆறாவதா எடுத்தது, அந்த சீசன் லக்குக்கு 18 சாக்தான், 39 டச்டவுன் எறிஞ்சார். எல்லாம் சரியாச்சு எண்டு நினைக்க, 2019 ஓகஸ்ட் 24, வயசு 29, "எனக்கு இனிக் காணும்" எண்டு விலகிட்டார். காயம், மருந்து, திரும்பக் காயம் எண்டு சுத்திச் சுத்திக் களைச்சுப்போனார். அண்டைக்கு இரவு மைதானத்தை விட்டுப் போகேக்க சொந்த ரசிகர்களே ஊளையிட்டினம். கூரையை மழைக்காலம் முடிய மேய்ஞ்சிருக்கினம், வேற என்ன சொல்ல.

நீங்க முந்தி ஒருக்கா "பந்து பிடிக்கிறவனை எடுத்தது கெட்டித்தனம்" எண்டு எழுதினீங்க. இப்ப லைன் லைன் எண்டு பாட்டு மாத்துறீங்க. (நிலாவெளி வாசகர்)

பிடிபட்டன். விசயம் இதுதான், 2020ல முழங்கால் போன பரோவைக் காப்பாத்த பெங்கால்ஸ் 2021ல பெனே சூவெல் எண்ட டேக்கிளை எடுத்திருக்கலாம், எடுக்கேல்ல, ஜமார் சேஸ் எண்ட பந்து பிடிகாரனை எடுத்தது. அந்த சீசன் பரோவுக்கு 51 சாக், அதுக்கு மேல பிளே-ஓஃபில, அதாவது சீசனுக்குப் பிறகு வாற நொக்-அவுட் மட்ச்சுகளில, 19, ஒரு மட்ச்சில 9 வாங்கியும் வெண்டவர். ஆனாலும் சேஸ் பிடிச்ச பிடியில சூப்பர் பௌல் வரைக்கும் போச்சினம், அதில 7 சாக், ராம்ஸ் டீமிட்ட 23க்கு 20 எண்டு தோல்வி. மூண்டே மூண்டு புள்ளி ஐயா. நான் அப்ப கெட்டித்தனம் எண்டது அந்த ஓட்டத்தைப் பார்த்து. சூவெல் டெட்ரோய்ட்டுக்குப் போய் நாட்டிலயே பெரிய டேக்கிள் ஆகிட்டார். பரோ அதுக்குப் பிறகு 2023ல மணிக்கட்டு, 2025ல ரெண்டாவது மட்ச்சிலயே கால் பெருவிரல் எண்டு ரெண்டு சீசன் உடைஞ்சுது. எல்லாக் காயத்தையும் லைனின்ட தலையில கட்டேலாது, ஆனா இண்டைக்குக் கேட்டா நான் சூவெலைத்தான் எடுப்பன். உப்புவெளித் தங்கச்சியின்ட அண்ணா இதை வாசிச்சா சண்டைக்கு வருவார், வரட்டும்.

சேர், நான் ஸ்கூல் ரக்பி டீம். 15 வயசு, 92 கிலோ. இனி இந்த விளையாட்டுக்குப் போகேலுமோ? (பேர் போடவேண்டாம், திருகோணமலை டவுன்)

ஜோர்டன் மைலாட்டா எண்டு தேடிப் பாருங்கோ தம்பி. சிட்னியில ரக்பி லீக் விளையாடின சமோவா வம்சத்துப் பெடியன், அமெரிக்கன் ஃபுட்போலில ஒரு மட்ச்கூட விளையாடாதவரை 2018ல ஈகிள்ஸ் கடைசி, ஏழாவது சுற்றில எடுத்தது. இப்ப அவர்தான் அவையின்ட இடது டேக்கிள். 2025 பெப்ரவரியில ஈகிள்ஸ் 40க்கு 22 எண்டு சீஃப்ஸை அடிச்ச சூப்பர் பௌலில அங்கால மஹோம்ஸ் 6 சாக் வாங்கினார், இங்கால மைலாட்டா சம்பியன். ஆனா அவர் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம், 160 கிலோவுக்கு மேல. முதல்ல ஓஎல் சோதினையை எழுதி முடியுங்கோ.

இதை எத்தினை மணிக்குப் பார்க்கலாம்? (சாம்பல்தீவு)

சூப்பர் பௌல் எங்களுக்குத் திங்கக்கிழமை விடிய 5 மணி, கோணேசர் கோயில் மணிக்கு எழும்புற ஆக்களுக்குப் பிரச்சினை இல்லை. வழமையான ஞாயிறு மட்ச் இரவு பத்தரை, நவம்பருக்குப் பிறகு பதினொண்டரை. ஒரு தரமாவது பந்தைப் பார்க்காம 50க்கும் 79க்கும் இடையில நம்பர் போட்ட அந்த அஞ்சு பேரை மட்டும் பாருங்கோ, கிளித்தட்டில ஒருத்தன் மறிக்கிறவனுக்குப் போக்குக் காட்ட மற்றவன் பின்னால நழுவுவான் தானே, அதே வேலையை எதிர் டீம் அங்க செய்யிறது தெரியும். மூண்டு செக்கனுக்குப் பிறகு பந்து எங்க போச்சு எண்டு பக்கத்தில இருக்கிறவரைக் கேளுங்கோ.