கை நடுங்கும் முன்பே மனம் தளர்கிறது: பார்கின்சன், ஹன்டிங்டன் குறித்த கேள்வி பதில்

இயக்கக் கோளாறு, அதாவது உடல் அசைவைக் குலைக்கும் மூளை நோய்களுக்கான சிகிச்சைப் பிரிவில் உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதித் தருவது என் வேலையில்லை. அதனால் டோஸைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்; அவற்றை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நோய் தெரியவந்த முதல் சில ஆண்டுகளில் மனம் படும் பாட்டைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பார்கின்சன் என்று இப்போதுதான் கண்டுபிடித்தார்கள். வலது கையில் லேசான நடுக்கம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருடமாகவே மனிதர் ஒடுங்கிப் போய்விட்டார். ரிட்டையர் ஆன வருத்தம் என்று விட்டுவிட்டோம். கவலைப்பட்டே நோயை வரவழைத்துக்கொண்டாரா?

பதில்: இல்லை. நோய் முதலில் மனதைத் தொட்டுவிட்டு அப்புறம் கைக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். 2003இல் ஹெய்கோ பிராக் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு, இறந்தவர்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்து இந்த நோய் பரவும் படிகளை வகுத்தது. அதன்படி, அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அடிவாங்குவதற்கு முன்பே மூளைத்தண்டில் செரோடோனின், நார்அட்ரினலின் சுரக்கும் பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. மனநிலையும் தூக்கமும் பெருமளவு அவற்றின் கையில்தான் இருக்கின்றன. எல்லோருக்கும் இதே வரிசை பொருந்துவதில்லை. ஆனாலும் வாசனை மங்குவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கைகாலை வீசிக் கத்துவது, இனம்புரியாத சோர்வு இவையெல்லாம் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வந்ததாகப் பல குடும்பங்கள் பின்னால் யோசித்துச் சொல்வதுண்டு.

இதைத் திருப்பிப் போட்டுப் பயந்துவிடாதீர்கள். மனச்சோர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பார்கின்சன் வருவதில்லை.

1817இல் இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்கின்சன், புலன்களுக்கும் அறிவுக்கும் இதனால் கேடில்லை என்று எழுதினார். அதன் நிழலோ என்னவோ, இன்றும் மருத்துவரைப் பார்க்கும் நேரமெல்லாம் விரலைத் தட்டச் சொல்வதிலும் நடக்கச் சொல்வதிலும் போய்விடுகிறது. கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வு, பார்கின்சன் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது இருக்கிறது. அப்பாவுக்கு இருப்பதையும் தனியாகச் சொல்லிச் சிகிச்சை கேளுங்கள். நடுக்க மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பார்கின்சன் உள்ள என் கணவர் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அழுவதில்லை, வருத்தமாகவும் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். யாராவது வந்தால் சிரித்துப் பேசுகிறார். ஆனால் தானாக எதையும் தொடங்குவதில்லை. சோம்பேறித்தனம் என்று நானும் திட்டிக்கொண்டே இருக்கிறேன். இது டிப்ரெஷனா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது நாட்டமின்மை போலிருக்கிறது. மனச்சோர்வும் இதுவும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். சோர்வு உள்ளவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் குற்ற உணர்வு, நம்பிக்கையின்மை, "இருந்து என்ன பயன்" என்பதெல்லாம் வெளியே வரும். நாட்டமின்மை உள்ளவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பொய் சொல்ல மாட்டார், அவருக்கு உண்மையிலேயே குறை ஏதும் தெரியாது. வேதனை முழுக்கக் கூட இருப்பவருக்குத்தான்.

ஒரு காரியத்தைத் தொடங்க வைக்கும் உந்துதலிலும் டோபமினுக்குப் பங்கு உண்டு. அது குறையும்போது ஆசை இருக்கும், எழுந்திருக்கத்தான் வராது. அதனால் "வாக்கிங் போகலாமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். தினமும் ஒரே நேரத்தில் செருப்பை எடுத்துவைத்துவிட்டு "நேரமாச்சு, வாங்க" என்று கிளப்புங்கள். தொடங்கிவைத்துவிட்டால் பெரும்பாலும் அவரே தொடர்வார். இது அவர் சுதந்திரத்தைப் பறிப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எழுந்துவிட்ட பிறகு அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள், அது போதும்.

மனச்சோர்வு மாத்திரைகள் வெறும் நாட்டமின்மைக்குப் பெரிதாக உதவுவதில்லை. சில வகைகள் அதைக் கொஞ்சம் கூட்டிவிடவும் செய்யும். தைராய்டு, பி12 பரிசோதனை செய்து பாருங்கள், தூக்கம் எப்படி என்றும் கவனியுங்கள். திட்டுவதால் மட்டும் எதுவும் நடக்காது.

கேள்வி: எனக்கு 48 வயது, பார்கின்சன் இருக்கிறது. "எப்பப் பாரு கோபமா இருக்கே" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளுக்குள் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதில்: முகத் தசைகளும் மெதுவாகின்றன, அதுதான் காரணம். கண் சிமிட்டுவது குறையும், புன்னகை முழுதாக விரியாது. என்னிடம் வந்த ஒருவர் பேத்தி கொண்டுவந்த ஓவியத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் ரசித்துத்தான் பார்த்தார். குழந்தை, தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து ஓவியத்தைக் கசக்கிப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அவர் "ரொம்ப அழகா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டார். முகம் சொல்லாததை வாயால் சொல்லிவிடுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் முகப் பயிற்சியும் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: தினமும் காலை பதினொன்றரை வாக்கில் நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, செத்துவிடுவேன் போல ஒரு பயம். அவசரப் பிரிவுக்குப் போனேன், ஈசிஜி நார்மல். "டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பார்கின்சன் மாத்திரையான லெவோடோபாவைக் காலை எட்டுக்கு, மதியம் பன்னிரண்டுக்கு என்று எடுக்கிறேன்.

பதில்: கேள்வியிலேயே விடையின் நுனி இருக்கிறது. இதயத்தைப் பரிசோதித்தது சரியான முடிவு. அது நன்றாக இருக்கிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. ஒரு டோஸின் பலம் அடுத்ததற்கு முன் இறங்கும்போது உடல் விறைப்பதுபோலச் சிலருக்கு மனமும் இறங்கும். பதற்றம், திடீர் அழுகை, காரணமில்லாத பயம் என்று வந்து, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் துடைத்தாற்போல் போய்விடும். நடுக்கம் கூடாமல் பதற்றம் மட்டும் வருவதும் உண்டு என்பதால், இது மருந்து சார்ந்தது என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஒரு வாரம் சின்ன நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், பதற்றம் வந்த நேரம், போன நேரம். புரதம் அதிகமுள்ள சாப்பாடு லெவோடோபா உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டு நேரமும் முக்கியம். அந்த நோட்டைப் பார்த்தால் மருத்துவருக்கு டோஸ் இடைவெளியை மாற்றலாமா என்று தெரிந்துவிடும். மாத்திரை நேரத்தோடு ஒட்டாமல் நாள் முழுக்கப் பதற்றம் இருந்தால் அது வேறு கதை. அதற்கு உளவியல் சிகிச்சை, தேவைப்பட்டால் தனி மருந்து.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. சிக்கனத்துக்குப் பேர்போனவர் என் அண்ணன். பார்கின்சனுக்காக பிராமிபெக்ஸோல் மாத்திரை தொடங்கிய பிறகு ராத்திரி முழுக்க ஆன்லைனில் சீட்டாடிப் பணத்தைத் தொலைக்கிறார். நோய் வந்த விரக்தியா?

பதில்: மருந்தின் பக்கவிளைவாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற டோபமின் அகோனிஸ்ட் (மூளையில் டோபமின் போலவே வேலை செய்யும்) வகை மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத ஷாப்பிங், அளவில்லாத தீனி, பாலுணர்வு வேகம் என்று கிளப்பிவிடும். 2010இல் வெளியான ஆய்வு ஒன்று சுமார் 3,000 நோயாளிகளைப் பரிசோதித்தது. இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 7 சதவீதம் பேருக்கும் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. ஆகவே இது அவர் குணம் கெட்டுப்போனதல்ல. வெட்கத்தால் மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள், அவருடைய வங்கி கார்டுகளை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் கடும் பதற்றமும் சோர்வும் வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு ஹன்டிங்டன், பரம்பரையாக வரும் மூளை நோய். நடை இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் அற்ப விஷயத்துக்கெல்லாம் பாத்திரத்தை வீசி எறிகிறார், "நான் எங்கே கத்தினேன்?" என்கிறார். எனக்கு 28. டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அம்மா. ஹன்டிங்டனில் எரிச்சல், நாட்டமின்மை, சோர்வு ஆகியவை அசைவுக் கோளாறுக்கு முன்பே வருவது சகஜம். தன் மாற்றம் தனக்கே தெரியாமல் போவதும் நோயின் பகுதிதான். அவர் சமாளிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாட்சி காட்டி நிரூபிக்கப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். பசி, களைப்பு, ஒரே நேரத்தில் இரண்டு வேலை, திட்டத்தில் திடீர் மாற்றம், இவைதான் வழக்கமாகத் திரியைக் கொளுத்துபவை. அவற்றைக் குறையுங்கள், கோபம் ஏறும்போது வேறு அறைக்குப் போய்விடுங்கள். எரிச்சலுக்கு மருந்தும் இருக்கிறது. அசைவுகளுக்காக டெட்ராபெனசின் தரும் கட்டம் வந்தால், அது மனச்சோர்வைக் கிளப்பக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம் என்பதை 1872லேயே இதை விவரித்து எழுதிய மருத்துவர் ஜார்ஜ் ஹன்டிங்டன் குறிப்பிட்டிருக்கிறார். நோய் உறுதியாகும் காலத்தை ஒட்டிய மாதங்கள் குறிப்பாக ஆபத்தானவை. "சாகலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவ உதவி தேடுங்கள். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் இதேதான்.

இப்போது நீங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இந்த நோய்க்கான மரபணு வந்திருக்க வாய்ப்பு 50 சதவீதம். 1993இல் மரபணுவைக் கண்டுபிடித்ததால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் எந்த வயதில் தொடங்கும் என்பதை அது துல்லியமாகச் சொல்லாது. அறிகுறி வருமுன் தடுக்க இன்னும் சிகிச்சையும் இல்லை. தெரிந்துகொள்வதும் தெரியாமல் இருப்பதும் உங்கள் உரிமை. உறவினர் யாரும் தள்ள வேண்டியதில்லை. மரபியல் ஆலோசகரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாலே டெஸ்ட் எடுத்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை, பாதியில் எழுந்தும் வரலாம்.

கேள்வி: பார்கின்சனுக்கு ரசாஜிலின் மாத்திரை எடுக்கிறேன். மனச்சோர்வுக்கும் மாத்திரை எழுதினார்கள். இரண்டும் சேரக்கூடாது என்று மருந்துச் சீட்டில் இருக்கிறதே?

பதில்: அபூர்வமாக செரோடோனின் அளவுக்கு மீறிச் சேர்ந்து ஆபத்தாகலாம், அதனால்தான் எச்சரிக்கை. மேற்பார்வையோடு சில சேர்க்கைகளைத் தருவதும் உண்டு. எழுதியவருக்கு நீங்கள் ரசாஜிலின் எடுப்பது தெரியுமா என்று தொடங்கும் முன் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி: பிஎஸ்பி (பார்கின்சனைப் போலத் தெரியும் வேறொரு மூளை நோய்) உள்ள என் மாமா ஒரு சாவு வீட்டில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வெளியே கூட்டிப்போகவே பயமாக இருக்கிறது.

பதில்: உணர்ச்சிக்கும் அதன் வெளிப்பாட்டுக்கும் நடுவே உள்ள கட்டுப்பாடு தளர்வதால் வருவது இது. அந்த நேரத்தில் அவர் உள்ளுக்குள் துக்கமாகவே இருந்திருப்பார். மருந்தால் குறையும், மருத்துவரிடம் சொல்லுங்கள். போகிற இடத்தில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, தாராளமாகக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: எல்லோரும் "தைரியமா இரு" என்கிறார்கள். மருத்துவரிடம் கிடைப்பதோ பத்து நிமிடம். மனசைப் பற்றி எப்போது பேசுவது?

பதில்: அறைக்குள் நுழைந்த உடனே. கிளம்பும்போது கதவருகில் நின்று "அப்புறம் டாக்டர், கொஞ்சம் டல்லா இருக்கு" என்றால் யாருக்கும் நேரமிருக்காது. மூன்று வரி எழுதிக்கொண்டு போய் முதலில் கொடுத்துவிடுங்கள்: என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து, மாத்திரை நேரத்தோடு ஒட்டி வருகிறதா. உங்களோடு இருப்பவர் தனியாக மூன்று வரி எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திருத்தி ஒன்றாக்க வேண்டாம், அப்படியே இரண்டையும் கொடுங்கள்.