கற்பனை இனங்களின் குலதெய்வங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

எனக்கு ஔலேதான். எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை உலகத்தில் குள்ளர் இனத்தைச் செய்தவர். உலோகம், கல், மணி என்று கைவேலை எல்லாவற்றுக்கும் அவர்தான் அதிபதி. குள்ளர்கள் அவரை மஹால் என்பார்கள்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மட்டும் படித்தவர்களுக்கு இவரை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அதன் பின்னிணைப்பில், குள்ளர்களின் தோற்றம் பற்றி விசித்திரமான கதைகள் உண்டு, அதெல்லாம் ரொம்பப் பழைய சங்கதி என்று சொல்லிவிட்டு டோல்கீன் நகர்ந்துவிடுகிறார். கதை முழுசாகக் கிடைப்பது அவர் மறைந்த பிறகு, 1977இல் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட 'சில்மரில்லியன்' நூலில்தான்.

சாவில்லாத இனமான எல்ஃப்களும் மனிதர்களும் இன்னும் கண் விழிக்காத காலம். அவர்களுக்கு உயிர் தருவது இலூவாத்தார் என்ற முழுமுதற் கடவுளால் மட்டுமே ஆகும். ஔலேவுக்கோ காத்திருக்கப் பொறுமையில்லை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்ற தவிப்பு. மற்ற தேவர்கள் குறை சொல்வார்களோ என்று பயந்து, மலைக்கு அடியில் ஒரு மண்டபத்தில், யாருக்கும் தெரியாமல் குள்ளர்களின் ஏழு தந்தையரைச் செய்து முடிக்கிறார். தேவர்களில் கெட்டுப்போன மெல்கோரின் கொடுமை பூமியில் ஓயாத நேரம் என்பதால் பசி, உழைப்பு, வலி எல்லாம் தாங்கும் உடம்பாகச் செய்கிறார். அவர்களுக்கென்றே ஒரு மொழியை உருவாக்கி அதையும் சொல்லித்தரத் தொடங்குகிறார்.

அப்போதுதான் இலூவாத்தாரின் குரல் கேட்கிறது. உன் சக்திக்கு மீறியதை ஏன் செய்தாய்? நீ நினைத்தால் அசையும், உன் நினைவு வேறெங்காவது போனால் அப்படியே நிற்கும் பொம்மைகளா உனக்கு வேண்டும்? ஔலே மழுப்பவில்லை. அடிமைகள் வேண்டுமென்று செய்யவில்லை, நேசிக்கவும் கற்றுக்கொடுக்கவும்தான் செய்தேன், அப்பா செய்வதைப் பார்த்துப் பிள்ளையும் செய்து பார்ப்பதில்லையா என்கிறார். பிறகு அழுதுகொண்டே பெரிய சுத்தியலை ஓங்குகிறார், தான் செய்ததைத் தானே உடைக்க.

குள்ளர்கள் பயந்து ஒடுங்கித் தலைகுனிந்து, விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு நெஞ்சடைக்கும். ஔலே ஆட்டுவித்தால்தான் அசைய வேண்டியவர்கள், தாமாகவே பயப்படுகிறார்கள். இலூவாத்தார் அதற்குள் அவர்களுக்கு உயிர் கொடுத்துவிட்டார் என்பது அப்போதுதான் ஔலேவுக்குத் தெரிகிறது. எல்ஃப்கள் எழும்வரை கல்லுக்கடியில் தூங்கட்டும் என்ற நிபந்தனையோடு ஏழு பேரும் தப்புகிறார்கள்.

மெல்கோருக்கும் படைக்கும் ஆசை இருந்தது, ஆனால் எதையும் விட்டுக்கொடுக்கும் மனசு இல்லை. ஔலேவிடம் வேலை கற்ற, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வில்லன்களான சௌரோனும் சாருமானும் கடைசியில் மெல்கோரின் வழியில்தான் போனார்கள். ஆசையாகச் செய்ததைக் கையிலிருந்து விட முடிந்தவர் ஔலே, அதனால்தான் அவர் எனக்குப் பெரிய தெய்வம்.

மறைவில் பிறந்த இனம் என்பதாலோ என்னவோ, குள்ளர்களுக்கும் எதையும் பொத்திப் பொத்தி வைக்கும் குணம். ஔலே தந்த மொழியை வெளியாருக்கு லேசில் கற்றுத்தர மாட்டார்கள். உண்மையான பெயரைக் கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. மோரியா என்ற குள்ளர்களின் பழைய சுரங்க நகரத்தில், பாலின் என்ற குள்ளர் தலைவரின் கல்லறைமேல் இருக்கும் 'பாலின்' என்பதும் ஊருக்குச் சொல்லும் பெயர்தான். இதைக் கஞ்சத்தனமாக நான் பார்க்கவில்லை. தங்களைச் செய்தவர் தந்த முதல் சொத்து அந்த மொழி, அதை எப்படிக் கண்டவருக்கும் கொடுப்பார்கள்?

குள்ளர்கள் செத்தால் கல்லோடு கல்லாகப் போவார்கள் என்பது எல்ஃப்களின் பழைய நம்பிக்கை. குள்ளர்கள் அதை ஏற்பதில்லை. மஹால் தங்களை, இறந்தவர்கள் போய்ச் சேரும் மாண்டோஸில் தனி மண்டபங்களில் சேர்த்துவைப்பார், கடைசிப் போர் முடிந்து உலகைத் திரும்பச் சீர்செய்யும்போது அவருக்குக் கூடமாட வேலை செய்வோம் என்கிறார்கள். இந்த வழக்கில் நான் குள்ளர்கள் கட்சி.