காய்க்காத ராஸ்பெர்ரியைப் பிடுங்காதீர்கள், முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் வைத்து மூன்று வருடம் ஆகிறது. ஆள் உயரத்துக்குத் தழைக்கிறது, பழம் மட்டும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஒழுங்காக வெட்டிவிடுகிறேன், உரமும் போடுகிறேன். பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமா?

பதில்:

பிடுங்காதீர்கள். "ஒவ்வொரு குளிர்காலமும் ஒழுங்காக வெட்டிவிடுகிறேன்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே ஒழுங்கோடு வெட்டித்தான் எங்கள் வீட்டில் இரண்டு வருடப் பழத்தை இழந்தோம்.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. குளிர்காலம் என்கிறீர்கள், ஆள் உயரம் வளர்கிறது என்கிறீர்கள், எங்களைப் போலக் குளிர் நாட்டில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். (சென்னை மாடித்தோட்டத்தில் வரவில்லையே என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். இந்தச் செடிகளுக்குக் குளிரில் சில வாரங்கள் உறக்கம் வேண்டும். நான் எழுதுவது அப்படிப்பட்ட ஊருக்கு.)

நாங்கள் இருப்பது ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாந்துக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில். பிளாக்பெர்ரிக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. மேரியன்பெர்ரி என்ற வகை இந்த மாநிலத்தில்தான் உருவானது. பக்கத்து மேரியன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சோதித்துப் பார்த்து 1956இல் வெளியிட்டார்கள், அந்தக் கவுண்டியின் பெயரையே வைத்தார்கள். அதில் இரண்டு செடி, மீக்கர் ராஸ்பெர்ரி ஐந்து, ஹெரிடேஜ் ராஸ்பெர்ரி நான்கு என்று 2018 வசந்தத்தில் வைத்தேன். களிமண் என்பதால் உயர்பாத்தி போட்டேன். ராஸ்பெர்ரி வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

அந்த நவம்பரில் என் மாமனார் வந்தார். கம்பம் பக்கம் முப்பது வருடம் பன்னீர் திராட்சை வைத்தவர். பந்தலில் ஒரு கொடியைப் பார்த்தே எத்தனை நாளில் அறுவடை என்று சொல்லக்கூடிய மனிதர். இங்கே பனியில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவருக்கு, பிப்ரவரியில் வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள், தோட்டம் கண்ணில் பட்டது. "என்னம்மா, கொடியைக் கவாத்து பண்ணாம இப்படிக் காடா விட்டிருக்கீங்க" என்று கேட்டுவிட்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் தரையோடு நாலு கண் விட்டு வெட்டி முடித்தார். அவ்வளவு சுத்தமான வெட்டு. எனக்கும் அப்போது எதுவும் தெரியாது, வீட்டுக்குள் போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் செய்தது திராட்சைக்குச் சரி. கவாத்து செய்த பிறகு கிளம்பும் புதுத் தளிரில்தான் திராட்சை பூக்கும். கம்பத்தில் கவாத்து முடிந்து ஏறக்குறைய 120 நாளில் குலையை அறுக்கலாம். ஆனால் மேரியன்பெர்ரியும் மீக்கரும் அப்படி இல்லை. வேர் பல வருடம் இருக்கும், தண்டுக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். முதல் வருடம் வெறும் இலை. குளிரைத் தாண்டி இரண்டாம் வருடம் அதே தண்டில் பக்கக் கிளை விட்டு, பூத்து, காய்த்து, காய்ந்துபோகும். அதற்குள் அடியிலிருந்து அடுத்த வருடத்துக்கான தண்டுகள் கிளம்பியிருக்கும். குளிர்காலத்தில் நீங்கள் பார்ப்பது காய்க்கப் போகிற தண்டு. அதை வெட்டினால் அந்த வருடம் முடிந்தது. வேர் மட்டும் கோபித்துக்கொள்ளாமல் புதுத் தண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் செடி ஆள் உயரம் வளர்வது அதனால்தான்.

2019 ஜூலையில் மேரியன்பெர்ரியில் ஒரு பழமும் இல்லை. மீக்கரும் அப்படியே. ஆனால் செப்டம்பரில் ஹெரிடேஜ் வரிசை மட்டும் கொட்டிக் காய்த்தது! எங்களைக் குழப்பியது இதுதான். மூன்றையும் ஒரே நாளில் ஒரே மாதிரிதான் வெட்டினோம், ஒன்று காய்க்கிறது, அப்படியென்றால் வெட்டியதில் தவறில்லை, மற்ற கன்றுகள்தான் சரியில்லை என்று முடிவு கட்டினோம். கன்று விற்ற இடத்தைத் திட்டினேன். உரத்தை இரட்டிப்பாக்கினேன். ஒரு வீடியோவில் ஒருவர் ராஸ்பெர்ரி வரிசை முழுவதையும் தரையோடு வெட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, 2020 பிப்ரவரியில் நானும் கணவருமே மறுபடி வெட்டினோம். அந்த வருடமும் போனது.

ஹெரிடேஜ் மாதிரி இலையுதிர்காலத்தில் காய்க்கும் வகைகள் முதல் வருடத் தண்டின் நுனியிலேயே காய்த்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவற்றைத் தாராளமாக முழுக்க வெட்டலாம், செப்டம்பர் பழம் வரும். வெட்டாமல் நுனியை மட்டும் எடுத்தால் மறு வருடம் ஜூனிலும் கொஞ்சம் கிடைக்கும். ஆக, "நான் வருடா வருடம் மொட்டை அடிக்கிறேன், கிலோ கணக்கில் எடுக்கிறேன்" என்று கருத்தில் எழுத வருபவர்களே, உங்கள் செடி அந்த வகை. நீங்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. வகையைச் சொல்லாமல் பாதி அறிவுரையைக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பாதி அறிவுரைதான் எங்களுக்கு இரண்டாவது வருடத்தையும் தின்றது.

ஊரடங்கு நாட்களில் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையின் கையேட்டைப் படித்துத்தான் விஷயம் புரிந்தது. மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றும். போன வருஷத் தண்டில்தான் காய்க்குமாம் மாமா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ அது திராட்சை இல்லம்மா, வாழை. தார் தள்ளப் போற மரத்தையா வெட்டிப்புட்டேன்?" என்றார்.

நான் படித்த எந்தப் பக்கமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. வாழை ஒரு தாரோடு முடிந்துவிடும், பக்கத்தில் கன்று நிற்கும். தார் எடுத்த பிறகுதான் தாய் மரத்தை எடுப்போம், முன்னால் எடுக்க மாட்டோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், கத்தரியை எப்போது எடுப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். கோடையில் பழம் பறித்து முடிந்ததும், பழம் கொடுத்த தண்டுகளை மட்டும் அடியோடு வெட்டுங்கள்.

ஆனால் இந்தக் கதை குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய், "கம்பத்து விவசாயி அமெரிக்காவில் தோட்டத்தை அழித்தார்" என்று சிரிப்புப் படமெல்லாம் போட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரியாத செடியில் அவர் ஒரு முறை தவறினார். சிரித்தவர்களில் ஒருவர்கூட மண்ணைத் தொட்டவரில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அன்று வெட்டும்போது மேரியன்பெர்ரி முள் அவர் விரலில் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் வீங்கிச் சீழ் வைத்தது. மருத்துவரிடம் காட்டி, மருந்து வாங்கி, வந்து போகும் பெற்றோருக்கென்று விற்கிற காப்பீட்டில் பணம் கேட்டால், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஏற்கெனவே இருந்த நோயால் வந்தது என்று மறுத்துவிட்டார்கள். முள் குத்தியது சர்க்கரையாலா? பாலிசி வாங்கும் அன்று போனில் அவ்வளவு இனிமையாகப் பேசியவர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைக்கிறவர்கள், ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றிய அந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தோட்ட வேலைக்குத் தடித்த தோல் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

சரி, செடிக்கு வருகிறேன். 2021இல் ஒருவழியாகத் தண்டுகளை விட்டுவைத்தோம், பூத்தது, காய்த்தது. ஜூன் 28ஆம் தேதி போர்ட்லாந்தில் 116 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் 46 செல்சியசுக்கும் மேல். பழுத்துக்கொண்டிருந்த ராஸ்பெர்ரி செடியிலேயே வெந்து, மணிமணியாக வெளுத்துப்போனது. பழைய துப்பட்டாக்களைக் கம்பியில் கட்டி நிழல் கொடுத்த பக்கம் மட்டும் கொஞ்சம் தப்பியது.

2022 ஜூலையில் மாமா திரும்ப வந்தார். மேரியன்பெர்ரித் தண்டு இருபது அடி ஓடும், அதைக் கம்பியில் வளைத்துக் கட்டியிருந்தேன், கொத்துக் கொத்தாகக் கறுத்திருந்தது. பிளாக்பெர்ரி நடுத்தண்டோடு கையில் வரும், ராஸ்பெர்ரி நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டுக் குழிந்த தொப்பியாக வரும். அதைக் காட்டியபோது விரல் நுனியில் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றார். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, அந்த வருடம் கிளம்பியிருந்த பச்சைத் தண்டு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டிவைத்திருந்தார். "துணி கட்டினதுல கத்தி படக் கூடாது" என்றார், அவ்வளவுதான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஜூலையில் புதுத் தண்டு பச்சையாக, பக்கக் கிளை அதிகம் இல்லாமல் நேராக நிற்கும். பழம் தந்த தண்டு பழுப்பாகி, பட்டை உரியத் தொடங்கியிருக்கும். பச்சைக்குத் துணி கட்டுங்கள். ஆகஸ்டில் துணி இல்லாததை வெட்டுங்கள். ராஸ்பெர்ரியில் துணி கட்டியதிலும் மெலிந்ததை எடுத்துவிட்டு, வரிசையில் அடிக்கு நான்கைந்து தடித்த தண்டு மட்டும் விட்டால் காற்று நன்றாகப் போகும். இலையே அதிகம் வருகிறது என்பதால் உரத்தைக் குறையுங்கள். பழுத்ததை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்து உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் புள்ளிச் சிறகுப் பழ ஈ முட்டை வைத்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஓடையோரம், சாலையோரம் தானாகப் புதராக மண்டும் பிளாக்பெர்ரியைக் கன்று எடுத்து வந்து வைத்திருந்தால், என் பேச்சைக் கேட்காதீர்கள், பிடுங்கிவிடுங்கள். புதுச் செடி வகைகளை உருவாக்கிய அமெரிக்கர் லூதர் பர்பாங்க் 1885இல் இந்தியாவிலிருந்து வந்த விதை என்று இறக்கி, இமயமலை என்று பெயர் வைத்துப் பரப்பியது அது. உண்மையில் அதன் பூர்வீகம் ஆர்மீனியப் பக்கம். நுனி மண்ணில் தொட்ட இடமெல்லாம் வேர் பிடிக்கும், இந்த மாநிலத்தில் களை என்றே பட்டியலில் இருக்கிறது. பழம் ருசிதான், போகிற வழியில் பறித்துத் தின்னுங்கள், வீட்டுக்குள் விடாதீர்கள்.

கன்று வாங்கியபோது வந்த பெயர்ச்சீட்டு இருந்தால் வகையைக் கருத்தில் எழுதுங்கள். எந்த மாதம் வெட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை எதையும் வெட்டாதீர்கள்.