20,000 டாலருக்கு முன், 40 புள்ளிக் கணக்கு

கேள்வி: டெக்சாஸ் ஆஸ்டினில் இருக்கிறோம். 13 வயது மகன் கோ-கார்ட் ஓட்டுகிறான். அமெரிக்காவின் இண்டிகார் ரேஸ் தொடரில் பெயர் வாங்கிய கோல்ட்டன் ஹெர்ட்டா என்றால் அவனுக்கு உயிர். "இண்டிகாரில் நாலு ரேஸ் ஜெயித்தால் நேராக ஃபார்முலா 1 தான், இப்போதே வழி பிடித்துத் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் 20,000 டாலர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்வது நடக்காது என்பதற்கு உங்கள் மகனின் ஹீரோவே சாட்சி.

ஃபார்முலா 1-ல் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும், மூன்று சீசன்களில் 40 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். இந்தப் புள்ளி ஜெயித்த ரேஸ்களின் எண்ணிக்கைக்கு அல்ல, சீசன் முடிவில் பிடித்த இடத்துக்கு. உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஹெர்ட்டா 2019-ல் உங்கள் ஊர் சர்க்யூட்டில்தான் முதல் இண்டிகார் வெற்றி பெற்றார். 18 வயதில் இண்டிகார் ரேஸ் ஜெயித்தவர் அதுவரை யாருமில்லை. 2022-ல் ரெட் புல் தன் இன்னொரு ஃபார்முலா 1 அணிக்கு அவரை எடுக்கப் பார்த்தபோது, கையில் ஏழு வெற்றிகள். கணக்கு என்ன ஆயிற்று? 2019-ல் ஏழாம் இடம், 4 புள்ளி. 2020-ல் மூன்றாம் இடம், 20. 2021-ல் ஐந்தாம் இடம், 8. ஆக 32. முடிந்தது கதை! ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா 2-ல் முதல் மூன்று இடத்துக்கும் தலா 40 கொடுப்பவர்கள், இண்டிகாரில் மூன்றாவதாக வந்தவருக்கு அதில் பாதிதான் கொடுத்தார்கள். இதற்கு இன்றுவரை எனக்கு நியாயம் புரியவில்லை. கடைசியில் 2025-ல், 25 வயதில், அவர் இண்டிகாரை விட்டுவிட்டு ஃபார்முலா 2-க்கு இறங்க முடிவெடுத்தார்.

ஏஜென்ட்கள் விற்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு. ஃபார்முலா 1 ரேஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தில் 100 கிலோமீட்டர் சுத்தமாக ஓட்டினால் 1 புள்ளி. "அதை வாங்கித் தருகிறேன்" என்பார்கள். கவனியுங்கள்: இந்த வழியில் மொத்தமே 10 புள்ளிதான் கிடைக்கும். அந்தக் காரில் உட்காரவே தனி லைசென்ஸ் வேண்டும். காரைத் தருவது அணி, ஏஜென்ட் அல்ல. 2022-ல் ஃப்ளோரிடாக்காரர் லோகன் சார்ஜென்ட் வில்லியம்ஸ் அணியின் ஃபார்முலா 1 காரில் இப்படிச் சில புள்ளிகள் எடுத்தார். ஆனால் அதே வருடம் ஃபார்முலா 2-ல் நான்காவதாகவும் வந்தார். பெரும்பகுதிப் புள்ளி வந்தது அங்கேதான்.

என் மேசைக்கு வந்த ஓர் ஒப்பந்தத்தில் முன்பக்கம் பெரிய எழுத்தில் அணியில் "இடம்" என்று இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் "இடத்துக்கு முயற்சி செய்வோம், முன்பணம் திரும்பாது" என்று இருந்தது. கார் மோதினால் ஆகும் செலவு முழுவதும் பெற்றோர் தலையில், உச்சவரம்பே இல்லாமல். அந்தப் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

உங்கள் ஏஜென்டிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: எந்த அணி, அந்த அணியின் கடிதம் எங்கே? பணத்தை என் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் போடுகிறேன், இடம் உறுதியானால் எடுத்துக்கொள்ளலாம், சம்மதமா? அப்புறம் அவர் போனை எடுக்கிறாரா என்று பாருங்கள். அதுவரை அந்தப் பணத்தில் பையனுக்கு டயரும் இன்னொரு கார்ட் சீசனும் வாங்கிக் கொடுங்கள்.